காஸ் தீர்ந்துபோவதில்லை, கசிந்துபோகின்றது

"பிறிட்ஜில் காஸ் முடிந்துவிட்டது, அடிக்க வேண்டும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கின்றோம். சமையல் காஸ் அடுப்பில் எரிந்து தீர்வதுபோல, குளிர்சாதனப் பெட்டியிலுள்ள காஸும் நாளடைவில் தீர்ந்துவிடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். குளிர்சாதனப் பெட்டியின் காஸ் எரிபொருள் அன்று. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றது. தொழிற்சாலையில் நிரப்பிய காஸே அப்பெட்டியின் ஆயுட்காலம் முழுவதற்கும் போதுமானது. அது குறைந்துவிட்டதென்றால், குழாயில் எங்கோ ஒரு துவாரம் இருக்கின்றது என்பதே பொருள்.

இந்த ஒரு செய்தியை அறிந்திருப்பதால் இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, வீட்டுக் காசு மிஞ்சும். துவாரத்தை அடைக்காமல் காஸை மட்டும் அடித்தால் சில மாதங்களில் அதுவும் வெளியேறிவிடும். மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். மற்றது, வெளியேறும் காஸ் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வானத்துக்குச் சென்று, பின்னர் நமது வயலுக்கும் தோட்டத்துக்குமே கேடு செய்கின்றது. இடம்பெயர்ந்து, வீட்டுப் பொருட்களை இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவரும் குடும்பங்கள் பெரும்பாலும் பழைய பெட்டிகளையே வாங்குகின்றன. ஆகையால் இவ்விடயம் நமக்கு மிகவும் வேண்டியதாகும்.

குளிர் எவ்வாறு உண்டாகின்றது?

வியர்த்த உடம்பில் காற்றுப் படும்போது குளிர்கின்றது. மட்குடத்து நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கின்றது. நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருளிலிருந்து எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

குளிர்சாதனப் பெட்டியிலும் இதுவே நடக்கின்றது. நீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பநிலையிலும் கொதித்து ஆவியாகக்கூடிய திரவமொன்று அதன் குழாய்களில் இருக்கின்றது. இதனையே நாம் காஸ் என்கின்றோம். உறைபெட்டியைச் சுற்றியுள்ள குழாயில் அது ஆவியாகி, உள்ளேயுள்ள உணவின் வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. பெட்டியின் பின்புறம் கீழே கறுப்பு நிறத்தில் இருக்கும் கொம்பிறசர் அந்த ஆவியை இழுத்து அமுக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதை அறிவீர்கள். அதுபோலவே அமுக்கப்பட்ட ஆவியும் சூடாகின்றது. அச்சூடு பின்புறக் கம்பிக் குழாய்களின் வழியாக வெளியேறியதும், ஆவி மீண்டும் திரவமாகி உள்ளே செல்கின்றது. இவ்வாறு அதே காஸ் பல ஆண்டுகள் வேலை செய்கின்றது.

ஓசோன் படைக்கு நேர்ந்த சேதம்

ஆரம்ப காலப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்தால் வீட்டிலுள்ளோருக்கு ஆபத்து. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு மாற்றாகக் குளோரோபுளோரோகாபன் என்னும் வாயுக்களைக் கண்டனர். சுருக்கமாக இவை சி.எப்.சி. எனப்படும். இவை தீப்பற்றாதவை, நஞ்சற்றவை, மலிவானவை. குளிர்சாதனப் பெட்டிகளில் மட்டுமன்றி, வாசனைத் திரவியப் புட்டிகளிலும் மெத்தை நுரையிலும் இவை ஏராளமாகப் பயன்பட்டன.

ஆனால் எதனோடும் எளிதில் சேராத இதே குணந்தான் பின்னர் தீங்காயிற்று. கீழ் வளிமண்டலத்தில் அழியாத இவ்வாயுக்கள் மெல்ல மெல்ல மேலே சென்றன. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் ஓசோன் படை இருக்கின்றது. அப்படையிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால், அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றராகவே இருக்கும். இந்த மெல்லிய போர்வையே சூரியனின் கழியூதாக் கதிர்களைத் தடுத்து, தோற்புற்றுநோய், கண்ணில் வெண்படலம், பயிர்ச்சேதம் ஆகியவற்றிலிருந்து உயிர்களைக் காக்கின்றது. மேலே சென்ற சி.எப்.சி. கடும் வெயிலில் உடைந்து குளோரீனை வெளிவிடுகின்றது. ஒரேயொரு குளோரீன் அணு, தான் செயலிழப்பதற்கு முன் ஒரு இலட்சம் வரையான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது.

இவ்வாபத்தை 1974ஆம் ஆண்டில் ஷேர்வூட் றோலண்ட், மரியோ மொலினா என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1985இல் பிரித்தானிய ஆய்வாளர் மூவர், அந்தாட்டிக்காவுக்கு மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை வெளியிட்டனர். நம்மைப்போல் மத்திய கோட்டுக்கு அண்மையில் வாழ்வோருக்கு மேலே ஓசோன் அவ்வளவு குறையவில்லை. எனினும் காஸ் கசிந்த இடம் ஒன்று, சேதம் நேர்ந்த இடம் வேறு என்பதை இது காட்டிற்று.

நாடுகள் சேர்ந்து செய்த காரியம்

1987 செப்டெம்பர் 16ஆம் திகதி கனடாவின் மொன்றியல் நகரில், ஓசோனை அழிக்கும் பொருட்களைக் குறைப்பதற்கான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. இன்று உலக நாடுகள் அனைத்தும் அதில் உள்ளன. சில விசேட தேவைகள் தவிர, செல்வந்த நாடுகள் 1996 முதலும் வளர்முக நாடுகள் 2010 முதலும் சி.எப்.சி. உற்பத்தியையும் பாவனையையும் நிறுத்தின.

இதற்குப் பலன் கிடைத்துள்ளது. இம்முயற்சிகள் தொடர்ந்தால், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படை 2040ஆம் ஆண்டளவிலும், அந்தாட்டிக்காவுக்கு மேலே 2066ஆம் ஆண்டளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் கூடிய விஞ்ஞானிகள் குழு 2023 ஜனவரியில் அறிவித்தது. மனிதர் கெடுத்ததை மனிதரே சீராக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

ஓசோனைக் காத்த காஸ், காலநிலையைக் கெடுத்தது

சி.எப்.சி.க்குப் பதிலாக வந்தவற்றுள் முக்கியமானவை, குளோரீன் இல்லாத ஐதரோபுளோரோகாபன்கள். இவை ஓசோனை அழிப்பதில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கும் தன்மை இவற்றுக்கு மிக அதிகம். உங்கள் பெட்டியின் பின்புறத்திலோ உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள தாளில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் ஓர் எண்ணும் காணப்படும். அதுவே காஸின் பெயர். எடைக்கு எடை, காபனீரொட்சைட்டுடன் ஒப்பிட்டால் அவற்றின் தன்மை பின்வருமாறு:

ஆர்-12: மிகப் பழைய பெட்டிகளில் உள்ளது. ஓசோனை அழிக்கும். புவியைச் சூடாக்குவதில் 10,000 மடங்குக்கு மேல்.

ஆர்-22: பழைய ஏசிகளிலும் பெரிய குளிரறைகளிலும் உள்ளது. ஓசோனைச் சிறிதளவு அழிக்கும். சுமார் 1,800 மடங்கு.

ஆர்-134ஏ: 1990களின் பின் வந்த பல வீட்டுப் பெட்டிகளில் உள்ளது. ஓசோனுக்குக் கேடில்லை. சுமார் 1,400 மடங்கு.

ஆர்-600ஏ: புதிய வீட்டுப் பெட்டிகளில் உள்ளது. ஓசோனுக்குக் கேடில்லை. புவியைச் சூடாக்குவதும் மிகச் சொற்பமே. ஆனால் தீப்பற்றக்கூடியது.

கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. ஆர்-134ஏ உள்ள ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து 100 கிராம் காஸ் வெளியேறினால், அது 50 லீற்றருக்கு மேற்பட்ட டீசலை எரித்ததற்குச் சமம். பழைய ஆர்-12 பெட்டியொன்றின் 150 கிராம் காஸ் வெளியேறினாலோ, அது சுமார் 600 லீற்றர் டீசலுக்குச் சமம். குழாயைக் கொடுப்புக் குறட்டால் வெட்டும் ஒரு நிமிடத்தில் இது நடந்துவிடுகின்றது. எத்தனை ஏக்கர் உழக்கூடிய டீசல் இது என்பதை உழவு இயந்திரம் வைத்திருப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

இக்காரணத்தால் 2016ஆம் ஆண்டில் றுவாண்டாவின் கிகாலி நகரில் கூடிய நாடுகள், ஐதரோபுளோரோகாபன்களையும் படிப்படியாகக் குறைப்பதென மொன்றியல் உடன்படிக்கையைத் திருத்தின. இலங்கை 2018இல் இத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இது முறையாக நிறைவேறினால், இந்நூற்றாண்டின் இறுதியில் 0.5 பாகை வரையான வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

நமது வயலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெல் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகைக்கு மேற்சென்றால் மகரந்தம் கெட்டு, கதிரில் பதர் அதிகமாகின்றது. அரைப் பாகை என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், எல்லையில் நிற்கும் பயிருக்கு அது சிறியதன்று. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சியில் குளங்கள் வற்றிப் பெரும்போக நெல் பெருமளவில் அழிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஒரு வரட்சிக்கு ஒரே காரணம் என்று எதனையும் சுட்டமுடியாது. ஆனால் பூமி சூடாகச் சூடாக இத்தகைய வரட்சிகளும் பெருமழைகளும் கடுமையாகும் என்பது தெளிவு.

உலகில் கசியும் காஸின் பெரும்பங்கு நமது கிராமங்களிலிருந்து வருவதன்று. நகரத்துக் கட்டிடங்கள், பெருங்கடைகள், வாகனங்கள் ஆகியவற்றின் குளிரூட்டிகளே பெரும்பொறுப்புடையவை. குளிர்சாதனப் பெட்டியே இல்லாத குடும்பத்தின் வயலும் இதனால் வாடுவது நீதியன்று. எனினும் பிறர் கழித்த பழைய பெட்டிகள் கடைசியில் நம்மிடமே வந்துசேர்கின்றன. அவற்றைச் சரியாகக் கையாள்வது நம்மால் இயன்ற காரியமாகும்.

திருத்த வருபவரிடம் கேட்க வேண்டியவை

கொம்பிறசர் ஓய்வின்றி ஓடியும் குளிர் போதாமை, உறைபெட்டியின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிதல், குழாய் மூட்டுகளில் எண்ணெய்க் கசிவு ஆகியன காஸ் குறைந்ததன் அறிகுறிகள். திருத்துபவரை அழைத்தால் பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

1. கசிவு எங்கே இருக்கின்றது? மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். இடத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

2. மீதியுள்ள காஸை வெளியே விடாமல் சிலிண்டரில் இழுத்து எடுக்க முடியுமா? இதற்கான கருவி பயிற்சி பெற்ற பலரிடம் உண்டு.

3. துவாரத்தை அடைத்த பின், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சி எடுப்பாரா? ஈரம் தங்கினால் கொம்பிறசர் பழுதாகும்.

4. தாளில் எழுதியுள்ள அதே காஸை, எழுதியுள்ள அளவுக்குத் தராசில் நிறுத்து அடிப்பாரா? கூடினாலும் குறைந்தாலும் மின்கட்டணம் ஏறும்.

5. திகதியையும் காஸின் பெயரையும் அளவையும் எழுதிப் பெட்டியில் ஒட்டுவாரா?

மலிவு என்பதற்காகச் சமையல் காஸைப் பெட்டிக்கு அடிக்க ஒருபோதும் இடங்கொடாதீர்கள். ஆர்-134ஏக்காகச் செய்யப்பட்ட பெட்டியின் சுவிச்சுகளில் தீப்பொறி உண்டாகும். கசிந்த காஸ் அதனுடன் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். ஆர்-600ஏ பெட்டிகள் இந்த ஆபத்தை எண்ணியே வேறுவிதமாகச் செய்யப்பட்டவை. அவற்றில் உள்ள காஸும் மிகக் குறைவு. அவற்றைத் திருத்தும் இடத்தில் அடுப்பு, விளக்கு, புகைத்தல் எதுவும் கூடாது.

பழைய பெட்டி வாங்கும்போதும் கொண்டுசெல்லும்போதும்

பெட்டியின் விலையை மட்டும் பாராமல், தாளில் உள்ள காஸின் பெயரையும் பாருங்கள். ஆர்-12 என்றிருந்தால் வாங்காதீர்கள். அதற்குரிய காஸ் இப்போது முறையாகக் கிடைப்பதில்லை. கதவின் றப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் வழுகி வந்தால் றப்பர் பழுது. குளிர் வெளியேறி மின்சாரம் வீணாகும்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது நிறுத்தியே கொண்டுசெல்லுங்கள். சரித்து ஏற்ற நேர்ந்தால், வீட்டில் நிறுத்திச் சில மணித்தியாலங்களின் பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். கொம்பிறசரின் எண்ணெய் திரும்பவும் கீழிறங்க நேரம் வேண்டும். அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வையுங்கள். மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: உறைந்த பனிக்கட்டியைக் கத்தியாலோ ஆணியாலோ குத்திப் பெயர்க்காதீர்கள். வீட்டுப் பெட்டிகளில் காஸ் கசிவதற்கு இது ஒரு பெருங்காரணம். பனி சுண்டுவிரல் தடிப்புக்கு வரமுன் பெட்டியை நிறுத்தி, தானாகக் கரைய விடுங்கள்.

பழைய இரும்புக்குப் போடுமுன்

பழுதான பெட்டியைச் செப்புக்காக வெட்டுவது வழக்கமாக இருக்கின்றது. குழாய்க்குக் கிடைக்கும் காசு சிறிது. வெளியேறும் கேடோ பெரிது. முதலில் திருத்துபவரைக் கொண்டு காஸை எடுப்பித்த பின்னரே வெட்டவேண்டும். சுவரிலுள்ள நுரையை எரிக்கவோ நொறுக்கவோ வேண்டாம். பழைய பெட்டிகளின் நுரையிலும் சி.எப்.சி. அடைபட்டுள்ளது, எரிக்கும் புகையும் நஞ்சானது. முற்றத்தில் கிடக்கும் பெட்டியின் கதவைக் கழற்றிவிடுங்கள். விளையாடும் பிள்ளைகள் உள்ளே ஒளிந்து மூச்சடைத்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன.

பால் சேகரிப்பு நிலையம், மீன் குளிரறை ஆகியவற்றை நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் மேலும் கவனிக்க வேண்டும். அங்குள்ள இயந்திரங்களில் காஸ் கிராமில் அல்ல, கிலோவில் உள்ளது. ஆண்டுக்கொரு முறையாவது கசிவு பார்ப்பித்து, எவ்வளவு காஸ் அடிக்கப்பட்டது என்று புத்தகத்தில் பதிந்துவையுங்கள். வருடாவருடம் அடிக்க நேர்ந்தால், சங்கத்தின் காசு துவாரத்தால் போகின்றது என்பதே கருத்து. புதிதாகக் குளிரறை அமைக்கும்போது, என்ன காஸ் என்பதை விலை பேசுமுன் கேளுங்கள். பெரிய ஐஸ் ஆலைகள் பலவற்றில் இன்றும் அமோனியாவே பயன்படுகின்றது. அது ஓசோனையோ காலநிலையையோ கெடுப்பதில்லை. ஆனால் சுவாசித்தால் ஆபத்தானது. பயிற்சி பெற்றோரே அதனைக் கையாள வேண்டும்.

காஸும் மின்சாரமும் வேண்டாத குளிர்

மரக்கறியை இரண்டொரு நாள் வாடாமல் வைப்பதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியதில்லை. 1990களில் வட நைஜீரியாவில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர், ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பி, மேலே நனைத்த துணியால் மூடும் முறையைப் பரப்பினார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் வரை இருந்ததாக அறிவிக்கப்பட்டது. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இதே தத்துவத்தில் செங்கல் தொட்டியொன்றை உருவாக்கியது. நிழலான இடத்தில் இரட்டைச் செங்கற் சுவர் கட்டி, இடையில் நான்கு விரல் அகலத்துக்கு மணல் நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, வைக்கோல் அல்லது கிடுகால் மூடவேண்டும்.

இதற்கு உலர்ந்த காற்று வேண்டும். நைஜீரியாவின் வரண்ட காற்றில் கிடைத்த பலன் முழுவதும் நமக்குக் கிடையாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நன்கு பயன்படும். மாரியில் பயன் குறைவு. கீரை, கத்தரி, தக்காளி, கறிமிளகாய் ஆகியவற்றைச் சந்தை நாள்வரை வைத்திருக்கலாம். மீன், இறைச்சி, பால், தடுப்பு மருந்து ஆகியவற்றை இதில் வைக்கலாகாது.

இளைஞருக்கு ஒரு தொழில்

பழைய காஸ்கள் மாறிக்கொண்டிருப்பதால், புதியவற்றைக் கையாளத் தெரிந்த திருத்துநர்கள் மேலும் தேவைப்படுவர். குளிரூட்டல், வளிச்சீராக்கல் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் எங்கு, எப்போது இப்பயிற்சி நடைபெறும் என்பதைப் பெற்றோர் விசாரிக்கலாம். கிராமத்தில் ஒருவராவது கசிவைக் கண்டுபிடித்து, காஸை வெளியே விடாமல் எடுக்கக் கற்றிருந்தால், அவ்வூருக்கே நன்மையாகும்.

அடுத்த முறை "காஸ் முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகின்றது?" என்று கேளுங்கள். விடை கிடைத்து, அந்த இடம் அடைபட்ட பின்னரே காசு கொடுங்கள்.